வயல் சேற்றின் வாயுவும் வாய்க்கால் முறையும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வேளாண்மைப் பக்கத்தில் சென்ற வாரம் வெளியான, நெல் வயல்களிலிருந்து வெளியேறும் மீத்தேன் பற்றிய கட்டுரையை ஒன்றுக்கு இரண்டு முறை படித்தேன். இப்படியொரு பொருளைத் தமிழ் நாளிதழ் ஒன்று எடுத்துக்கொண்டதே மகிழ்ச்சிக்குரியது. ஆனால், "நெற்பயிர் உமிழும் நச்சு வாயு" என்று தலைப்பிட்டதிலும், சேற்று நாற்றத்துக்கு மீத்தேன்தான் காரணம் என்று எழுதியதிலும், தீர்வு முழுவதும் உழவர் கையில் இருப்பதுபோல முடித்ததிலும் எனக்கு உடன்பாடில்லை. முதல் இரண்டும் தகவல் பிழைகள். மூன்றாவது, வாய்க்கால் பாசனத்தை வரப்பில் நின்று பார்க்காததால் வந்தது என்று நினைக்கிறேன்.

சேலத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் மேல்நிலை வகுப்புகளுக்கு வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்றவள் நான். எடப்பாடி வட்டத்தில், மேட்டூர் கிழக்குக் கரை வாய்க்காலில் பாயும் ஒன்றரை ஏக்கர் வயல் பெற்றோர் வழியில் எனக்கு வந்திருக்கிறது. வாரத்தில் இரண்டு நாளாவது வரப்பில் நடக்கிறவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

மீத்தேனுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. சுவாசிப்பவரைக் கொல்லும் நஞ்சும் அன்று. நடவு வயலில் கால் வைத்ததும் மூக்கில் ஏறும் அழுகிய முட்டை நாற்றம் ஹைட்ரஜன் சல்பைடு என்னும் வேறொரு வாயுவால் வருவது. மண்ணில் உள்ள சல்பேட்டைச் சிதைக்கும் பாக்டீரியாக்கள் அதை உண்டாக்குகின்றன. அதே சல்பைடு இரும்போடு சேரும்போதுதான் சேறு மை போலக் கறுக்கிறது. மீத்தேன் உலகுக்குச் செய்யும் தீங்கு, வெப்பத்தைப் பிடித்துவைப்பது. நூறு ஆண்டுக் கணக்கில் பார்த்தால் ஒரு கிலோ மீத்தேன் ஏறத்தாழ 28 கிலோ கரியமில வாயுவுக்கு ஈடான வெப்பத்தைத் தடுத்து நிறுத்துகிறது. அது வளிமண்டலத்தில் தங்கும் காலமோ பன்னிரண்டு ஆண்டு அளவில்தான். ஆகவே இன்று அதைக் குறைத்தால் பலன் நம் பேரப்பிள்ளைகள் வரை காத்திருக்காது; நம் கண்ணிலேயே படும். இதனால்தான் உலக நாடுகள் இப்போது இதன்மேல் இவ்வளவு கவனம் வைக்கின்றன.

இந்த வாயுவை நெற்பயிர் உண்டாக்குவதில்லை. நீரில் மூழ்கிய மண்ணுக்குள் வாழும் நுண்ணுயிர்களே உண்டாக்குகின்றன. இதைப் புரிந்துகொள்ள ஆய்வுக்கூடம் தேவையில்லை. பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் ஒன்றில் முக்கால் பங்கு வயல் மண்ணைப் போட்டு, நறுக்கிய வைக்கோல் ஒரு பிடி கலந்து, மேலே நான்கு விரல்கடை நீர் நிற்கும்படி ஊற்றிச் சன்னல் ஓரத்தில் வைத்தால் போதும். என் வீட்டுச் சமையலறைச் சன்னலில் அப்படியொரு பாட்டில் இப்போதும் இருக்கிறது. வைத்த அன்று முழுவதும் செம்மண் நிறமாக இருந்தது. மூன்றாம் வாரத்தில் உட்பகுதி சாம்பல் நிறமாகி, வைக்கோல் துண்டுகளைச் சுற்றித் திட்டுத் திட்டாகக் கறுத்துவிட்டது. ஆனால், மண்ணும் நீரும் சேரும் இடத்தில் மட்டும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் கனத்துக்கு ஒரு மெல்லிய செம்பழுப்புக் கோடு அப்படியே நிற்கிறது. பாட்டிலைத் தட்டினால் கறுத்த பகுதியிலிருந்து குமிழ்கள் கிளம்பி, அந்தக் கோட்டைக் கிழித்துக்கொண்டு மேலே வருகின்றன. வயலில் நடப்பது அனைத்தும் இந்தப் பாட்டிலில் அடக்கம்.

உயிர்க்காற்று (ஆக்சிஜன்) நீரினூடே ஊடுருவும் வேகம், காற்றினூடே ஊடுருவும் வேகத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். ஆகவே வயலில் நீர் நின்றதும், மண்ணில் மீந்திருக்கும் உயிர்க்காற்றை அங்குள்ள உயிர்கள் ஓரிரு நாளிலேயே மூச்சுவிட்டுத் தீர்த்துவிடுகின்றன. மேலிருந்து புதிதாக வருவது மேல்தோலைத் தாண்டுவதில்லை. அதன்பின், உயிர்க்காற்று இல்லாமலே மூச்சுவிடத் தெரிந்த பாக்டீரியாக்கள் ஒவ்வொன்றாகத் தலையெடுக்கின்றன. முதலில் நைட்ரேட்டைப் பயன்படுத்துபவை, அடுத்து மாங்கனீசு, அதையடுத்து இரும்பு, பின்னர் சல்பேட் என்று ஒரு வரிசை இருக்கிறது. மண்ணில் மக்கும் பொருளிலிருந்து கிடைக்கும் ஆற்றல் இந்த வரிசையில் இறங்க இறங்கக் குறைகிறது. எல்லாம் தீர்ந்தபின், பந்தியில் கடைசியாக உட்கார்ந்தவர் இலையில் விழுவதைப் போல மீந்திருக்கும் அசிட்டேட் என்னும் வினிகர் அமில உப்பையும், ஹைட்ரஜனையும் கரியமில வாயுவையும் கொண்டு பிழைக்கிறவையே மீத்தேனாக்கிகள். நெல் வயல் மீத்தேனில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு அசிட்டேட்டிலிருந்து வருகிறது. மற்றது ஹைட்ரஜன் வழியாக.

இந்த வரிசையில் நம் சேலத்து மண்ணுக்குத் தனிச் சிறப்பு உண்டு. தங்கள் கட்டுரையாளர் அதைத் தொட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். செம்மண்ணைச் சிவக்க வைப்பது ஆக்சிஜனோடு சேர்ந்த இரும்பு. நீர் நிற்கும்போது பாக்டீரியாக்கள் மூச்சுவிடப் பயன்படுத்துவது இந்த இரும்பைத்தான். அதனால்தான் சேற்றில் சிவப்பு போய்ச் சாம்பல் நிறம் வருகிறது. பயன்படுத்தத் தோதான இரும்பு மண்ணில் இருக்கும்வரை, உணவுக்கான போட்டியில் மீத்தேனாக்கிகளால் தலைதூக்க முடிவதில்லை. வயலை ஒருமுறை காயவிட்டால், வெடிப்புகளின் வழியே காற்றுப் புகுந்து இரும்பு மீண்டும் துருவேறிச் சிவக்கிறது. மறுபடி நீர் கட்டும்போது அந்த இரும்பு தீரும்வரை மீத்தேனுக்குத் தவணை கிடைக்கிறது. காய்ந்த வயலில் வெடித்த மண்கட்டியைப் புரட்டி, வெடிப்பின் ஓரத்தில் செம்பழுப்பும் உள்ளே சாம்பலுமாக இருப்பதைப் பார்த்திராத உழவர் எங்கள் பக்கத்தில் இருக்க மாட்டார். அதன் பொருள் இதுதான்.

மீத்தேனாக்கிகள் பாக்டீரியாக்களும் அல்ல. 1977-ஆம் ஆண்டு இலினாய் பல்கலைக்கழகத்தில் கார்ல் வூஸ் என்பவரும் ஜார்ஜ் ஃபாக்ஸ் என்பவரும் இவற்றின் செல்லுக்குள் இருக்கும் ரைபோசோம் ஆர்.என்.ஏ. என்னும் மூலக்கூறை ஒப்பிட்டுப் பார்த்தபோது, பாக்டீரியாக்களிலிருந்து அடியோடு வேறுபட்ட ஓர் உயிர்க்குலம் இது என்று தெரியவந்தது. ஆர்க்கியா என்று இன்று நாம் படிக்கும் பெரும் பிரிவு அப்படித்தான் அறிவியலுக்குள் நுழைந்தது. நான் வேலைக்குச் சேர்ந்தபோது எங்கள் பள்ளிப் பாடநூலில் இந்தச் சொல்லே கிடையாது என்பதையும் சொல்லிவைக்கிறேன். உயிர்க்காற்று பட்டால் செயலிழக்கும் இந்த உயிர்கள், வயல் மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும் மண்துகள்களுக்குள் ஒடுங்கிக் கிடந்து, நீர் வந்ததும் மீண்டும் வேலையைத் தொடங்குகின்றன. ஆகவே இவற்றை வயலிலிருந்து ஒழித்துக்கட்ட முடியாது. இவை பெருக எடுத்துக்கொள்ளும் காலத்தைக் கொடுக்காமல் இருக்கத்தான் முடியும்.

இவை நமக்கு அயலாரும் அல்ல. மாட்டின் முதல் இரைப்பையிலும் சாண எரிவாயுக் கலத்திலும் இருப்பவை இவற்றின் உறவினங்களே. நம் மாவட்டத்தில் குச்சிக்கிழங்கை அரைத்து ஜவ்வரிசி எடுக்கும் சேகோ ஆலைகள் பல, ஒரு காலத்தில் புளித்து நாறியபடி வெளியே ஓடிய மாவுக் கழிவுநீரை இன்று மூடிய தொட்டிகளில் தேக்கி, வரும் வாயுவைத் தங்கள் எரிபொருள் தேவைக்கே பயன்படுத்துகின்றன. சேர்வராயன் மலையில் தெளிந்த நீராகப் பிறக்கும் திருமணிமுத்தாறு, சேலம் நகருக்குள் சாக்கடை சேர்ந்து கறுத்துத் தேங்கும் இடங்களில் மேலே வரும் குமிழ்களிலும் இந்த வாயு உண்டு. மீத்தேன் என்றதும் நெல் உழவரை மட்டும் நினைவுகொள்ளும் கட்டுரைகள், பாலத்தின்மேல் நின்று கீழே ஒருமுறை எட்டிப்பார்க்கலாம்.

பிறகு நெற்பயிருக்கு இதில் என்ன பங்கு என்று கேட்கலாம். பங்கு உண்டு, இரண்டு வகையில் உண்டு. வேர் கசியவிடும் சர்க்கரைப் பொருள்களும் உதிரும் வேர்த் துணுக்குகளும் நுண்ணுயிர்களுக்கு உணவாகின்றன என்பது ஒன்று. மற்றொன்று, சேற்றில் மூச்சுத் திணறாமல் இருப்பதற்காக நெல் தன் தண்டிலும் வேரிலும் வைத்திருக்கும் காற்றறைகள். இலையிலிருந்து வேருக்கு உயிர்க்காற்றை இறக்கும் அதே குழாய் வழியாகத்தான் மண்ணிலுள்ள மீத்தேன் மேலேறி, இலையுறைகளின் நுண்துளைகளில் வெளியேறுகிறது. பயிர் நன்கு வளர்ந்த வயலில் வெளியேறும் மீத்தேனில் 90 விழுக்காடு வரை இந்த வழியில் போவதாக அளந்திருக்கிறார்கள். அதனால், பயிரைப் புகைபோக்கி என்று சொன்னால் பொருந்தும். அடுப்பு என்று சொன்னால் பொருந்தாது. தங்கள் தலைப்பு அதை அடுப்பாக்கிவிட்டது.

அந்தப் புகைபோக்கி, தான் வெளியேற்றும் வாயுவின் ஒரு பகுதியைத் தானே எரித்துவிடவும் துணைபுரிகிறது. களையெடுக்கும்போது தப்பித்தவறிப் பிடுங்கி வந்த நெல் நாற்றை அலசிப் பார்த்தால், வேர் வெண்மையாக இல்லாமல் செம்பழுப்புப் பூசியிருப்பதைக் காணலாம். வேரிலிருந்து கசியும் உயிர்க்காற்றால் இரும்பு துருவாகிப் படிந்த உறை அது. வேரை ஒட்டிய அந்த மயிரிழை அகல இடத்திலும், என் பாட்டிலில் தெரியும் மெல்லிய செம்பழுப்புக் கோட்டிலும் மீத்தேனையே உணவாகக் கொள்ளும் பாக்டீரியாக்கள் குடியிருக்கின்றன. ஹாலந்து நாட்டின் டெல்ஃப்ட் நகரில் சோங்கன் என்பவர் 1906-ஆம் ஆண்டிலேயே இவற்றைக் கண்டறிந்தார். சேற்றில் உண்டாகும் மீத்தேனில் கணிசமான பகுதியை வளிமண்டலத்துக்குப் போகும் முன்பே இவை தின்று தீர்க்கின்றன. நாம் அளப்பதெல்லாம் உண்டாவதற்கும் உண்ணப்படுவதற்கும் இடையே மீந்ததை மட்டுமே என்பதைக் கட்டுரை சொல்லாமல் விட்டது பெரிய குறை.

1990-களில் ஒருமுறை பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களைப் பள்ளிக்குப் பின்னாலிருந்த சேற்று வயலுக்கு அழைத்துப் போனேன். நீர் நிரப்பிய பாட்டிலைப் புனலோடு தலைகீழாகத் தண்ணீருக்குள் பிடித்துக்கொண்டு, கீழே சேற்றை மூங்கில் குச்சியால் கிளறச் சொன்னேன். பொலபொலவென்று வந்த குமிழ்கள் பாட்டிலின் நீரைக் கீழே தள்ளிவிட்டு இடம்பிடித்தன. வரப்பில் பாட்டிலை நிமிர்த்தி வாயருகே தீக்குச்சி காட்டியபோது, வெயிலில் கண்ணுக்கு அரிதாகவே தெரிந்த ஒரு நீலச் சுடர் 'புப்' என்ற ஓசையோடு ஓடி மறைந்தது. இத்தாலியில் வோல்ட்டா என்னும் அறிவியலாளர் 1776-ஆம் ஆண்டு மஜோரே ஏரிக்கரையில் செய்ததும் ஏறத்தாழ இதைத்தான். சுடரைப் பார்க்கத் தவறிய பின்வரிசை மாணவர்களுக்காக மூன்று முறை செய்து காட்ட வேண்டியிருந்தது. வயலுக்குச் சொந்தக்காரர் நாற்றைக் கலக்கிவிட்டோம் என்று கோபித்துக்கொண்டதும் நினைவிருக்கிறது.

எண்களைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். 1990-ஆம் ஆண்டு வாக்கில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் கணக்கு ஒன்று, இந்திய நெல் வயல்களின் ஆண்டு மீத்தேன் அளவை 3 கோடியே 78 லட்சம் டன் என்று வைத்தது. அயல்நாட்டு வயல்களில் அளந்ததை நம் நிலப்பரப்பால் பெருக்கி வந்த கணக்கு அது. 1991-இல் தேசிய இயற்பியல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஏ.பி. மித்ரா முன்னின்று நடத்திய இயக்கத்தில் நம் நாட்டு வயல்களிலேயே வாயுவைப் பிடிக்கும் கூண்டு வைத்து அளந்தபோது கிடைத்தது சுமார் 40 லட்சம் டன். முன்னதில் ஒன்பதில் ஒரு பங்குகூட இல்லை. இந்த வேறுபாட்டுக்கு ஒரு பெரிய காரணம், நம் வயல்களில் பல மழையையும் முறைப்பாசனத்தையும் நம்பி இடையிடையே காய்ந்துவிடுபவை என்பது. உலக அளவில் மனிதச் செயல்களால் வெளியாகும் மீத்தேனில் எல்லா நாட்டு நெல் வயல்களும் சேர்ந்தே பத்தில் ஒரு பங்குக்கு மேல் இல்லை. நிலக்கரி, பெட்ரோலியம் முதலியவற்றின் பங்கு மூன்றில் ஒன்றை ஒட்டி வருகிறது. இதையும் அடுத்தடுத்த வரியில் போட்டிருந்தால் படிப்பவருக்கு அளவு புரிந்திருக்கும்.

இனி தீர்வுக்கு வருகிறேன். எப்போதும் நீர் நிறுத்தாமல், கட்டிய நீர் வடிந்து மண் சற்றுக் காய்ந்தபின் மறுநீர் விடுவதைப் புதிய கண்டுபிடிப்பு போலக் கட்டுரை எழுதுகிறது. 'காய்ச்சலும் பாய்ச்சலும்' என்று நம் உழவர்கள் பேச்சுவழக்கிலேயே வைத்திருப்பதும், வேளாண்மைத் துறையினர் 'நீர் மறைய நீர் கட்டுதல்' என்று சொல்லிக்கொடுப்பதும் இதுவே. முறை எளிது. துளையிட்ட ஒரு முழப் பி.வி.சி. குழாயைப் பாதியளவு மண்ணில் பதித்து, உள்ளேயுள்ள மண்ணை எடுத்துவிட வேண்டும். குழாய்க்குள் நீர்மட்டம் மண்ணுக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கியதும் மறுபடி நீர் கட்ட வேண்டும். நட்ட முதல் இரண்டு வாரமும் பூக்கும் பருவமும் தவிர மற்ற நாள்களில் இதைச் செய்யலாம். பருவநிலை மாற்றத்துக்கான பன்னாட்டு அரசுகளின் குழு தன் கணக்கீட்டு முறையில், பலமுறை காயவிடும் வயலுக்கு, நீர் வடியாமல் நிற்கும் வயலின் மீத்தேனில் ஏறத்தாழப் பாதியைத்தான் எடுத்துக்கொள்கிறது. நீரும் மிச்சம். பச்சைத் தழையையும் வைக்கோலையும் நீர் நிற்கும் சேற்றில் அப்படியே மிதித்துவிடாமல், மக்கவைத்தோ நீர் வருவதற்கு முன்பே உழுதோ சேர்த்தால் இன்னும் குறையும். யூரியா இட்ட வயலைக் காயவிட்டு நனைக்கும்போது நைட்ரஸ் ஆக்சைடு சற்றுக் கூடும் என்பதும் உண்மை. வெப்பத்தைப் பிடித்துவைப்பதில் அது மீத்தேனைவிடப் பல மடங்கு வலிய வாயு. உரத்தைப் பிரித்துப் பிரித்து இடச் சொல்லாமல், காயவிட மட்டும் சொல்வது அரைகுறை அறிவுரை.

ஆனால், இவ்வளவு எளிதான முறையை ஏன் எல்லோரும் செய்வதில்லை? கட்டுரையாளர் இதற்கு 'விழிப்புணர்வு இன்மை' என்ற ஒரே விடையைத் தருகிறார். எங்கள் வயலுக்கு அடுத்த வயல்காரரிடம் போன பருவத்தில் அந்தக் குழாயைப் பதித்துக் காட்டினேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டவர், "ஏனுங்க டீச்சரம்மா, இருக்கற தண்ணிய வடிய விட்டுப்போட்டா, அடுத்த தண்ணி என்னைக்கு வருமுன்னு யாருங்க எனக்குச் சொல்லுவாங்க?" என்று கேட்டார். அவருக்கு விழிப்புணர்வு குறைவு என்று நான் எப்படிச் சொல்ல முடியும்?

மேட்டூர் கிழக்கு, மேற்குக் கரை வாய்க்கால்களில் வழக்கமாக ஆகஸ்ட் 1 முதல் டிசம்பர் 15 வரை 137 நாள்களுக்கு நீர் திறக்கிறார்கள். சேலம், நாமக்கல், ஈரோடு மாவட்டங்களில் 45 ஆயிரம் ஏக்கர் இதனால் பாசனம் பெறுகிறது. அணையில் இருப்பு குறைந்த ஆண்டுகளில் திறப்பு தள்ளிப்போகும், இடையில் நிற்கும். வாய்க்காலில் நீர் ஓடும் நாள்களிலும் அது தலைமடையில் ஏறிக் கடைமடைக்கு வந்துசேரும் நாள் யாருக்கும் உறுதியில்லை. அதுமட்டுமன்று, எங்கள் பகுதியில் பல வயல்களுக்குத் தனி மடை கிடையாது. மேல் வயலில் நிரம்பி வழிந்ததுதான் கீழ் வயலுக்கு. மேல் வயல்காரர் காயவிட்டால் கீழ் வயல்காரருக்கு நீர் இல்லை. கீழ் வயல்காரர் காயவிட நினைத்தாலோ மேலேயிருந்து வழிந்து வந்துகொண்டே இருக்கும். இந்த நிலையில் வரப்பை உயர்த்தி, ஒரு சாண் நீரைக் கட்டிவைத்துக்கொள்வதே அறிவுள்ளவர் செய்யும் வேலை. என் வயலிலும் நான் அதைத்தான் செய்கிறேன். எங்கள் வாய்க்கால் பாசனத்தில் தேவைக்கு மேல் உண்டாகும் மீத்தேனில் பெரும்பகுதி, நாளைய நீரை நம்ப முடியாமல் இன்றைய நீரைப் பூட்டிவைப்பதால் உண்டாவது என்பதே என் கருத்து.

ஆகவே, அறிவுரையை உழவருக்குச் சொல்வதோடு நிறுத்தாமல், நீரைத் திறப்பவர்களிடமும் கேட்கவேண்டியதைக் கேட்குமாறு தங்கள் நாளிதழை வேண்டுகிறேன். 137 நாளில் எந்தெந்தக் கிளையில் எந்தெந்த நாளில் நீர் ஓடும், எந்நாளில் நிற்கும் என்பதைப் பருவம் தொடங்கும் முன்பே அச்சிட்டு ஒவ்வொரு மதகிலும் ஒட்டினால், அந்த அட்டவணையை நம்பி நாங்கள் காயவிடுவோம். எட்டு நாள் ஓட்டம், ஐந்து நாள் நிறுத்தம் என்பதுபோல ஒழுங்கான முறை வைத்தால் வாய்க்காலே எங்களுக்காகக் காய்ச்சலும் பாய்ச்சலும் செய்துவிடும், குழாய்கூடத் தேவைப்படாது. நாள் கணக்கை மண்ணுக்கும் பயிர்ப்பருவத்துக்கும் ஏற்ப வேளாண்மைத் துறையினரும் நீர்வளத் துறைப் பொறியாளர்களும் கூடி முடிவு செய்யலாம். வயலுக்கு வயல் வழிந்து பாய்வதை விட்டுத் தனித்தனி மடைக்கு வழிசெய்யும் வேலையையாவது ஒன்றிரண்டு கிளைகளில் தொடங்கிப் பார்க்கலாம். வீட்டுக்கு வீடு ஒப்பந்தத் தாளை நீட்டி, மீத்தேனைக் குறைத்தால் பணம் தருவோம் என்று சொல்லிவரும் தனியார் முகவர்கள் எங்கள் ஊருக்கும் வந்துவிட்டார்கள். மதகின் சாவி அவர்கள் கையிலும் இல்லை, கையெழுத்துப் போடுகிற உழவர் கையிலும் இல்லை.

தலைப்புப் பிழையையும் நாற்றம் பற்றிய பிழையையும் திருத்தி ஒரு சிறு குறிப்பு வெளியிட்டால் நன்றியுடையவளாவேன். அக்கட்டுரையை எழுதியவர் சேலம் பக்கம் வரும்போது என் வீட்டுக்கு வந்தால், சன்னலில் உள்ள பாட்டிலைத் தட்டிக் காட்டுகிறேன். முடிந்தால் அவர் ஆகஸ்ட் மாதத்தின் முதல் இரண்டு வாரத்துக்குள் வரட்டும். வாய்க்காலில் தலைத்தண்ணீர் வருவதற்குக் காத்துக்கொண்டு கடைமடையில் நிற்பவர்களையும் அப்போது பார்த்துவிடலாம்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற வேதியியல் ஆசிரியை,
சேலம்.